பல்கலைக்கழகமும் அணு ஆராய்ச்சி மையமும் ஒன்றானபோது: கார்ல்ஸ்ரூ பற்றிக் கேள்வி பதில்

ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது கார்ல்ஸ்ரூ நகரம். அங்கிருந்த மாநிலப் பல்கலைக்கழகமும் தேசிய ஆராய்ச்சி மையமும் 2009 அக்டோபர் 1 அன்று சட்டப்படி ஒரே நிறுவனமாயின. கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாகக் கே.ஐ.டி. என்று பெயர். உயர்கல்வி நிர்வாகத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன், அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த இணைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அண்ணா, சேர்ந்த இரண்டும் எப்படிப்பட்ட இடங்கள்? ஒரே மாதிரியா?

துளியும் இல்லைம்மா. பல்கலைக்கழகம் 1825இல் தொடங்கியது. மின்காந்த அலைகள் உண்மையில் இருக்கின்றன என்று ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் சோதனை செய்து காட்டியது அங்கேதான். கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் படித்ததும் அங்கேதான். நகரத்தின் நடுவில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே வளாகம். எப்போதும் மாணவர் கூட்டம்.

ஆராய்ச்சி மையம் 1956இல் அணு உலை கட்டுவதற்காகத் தொடங்கிய நிறுவனம். நகரத்துக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், காட்டுக்குள், வேலி போட்ட இடம். ஜெர்மனி சொந்தமாக வடிவமைத்த முதல் அணு உலை 1961இல் இயங்கத் தொடங்கியது அங்கேதான். அப்புறம் அணுவிலிருந்து மெல்ல விலகி, நானோ தொழில்நுட்பம், வளிமண்டலம், துகள் இயற்பியல் என்று விரிந்தது. 1995இல் பெயரிலிருந்தே ‘அணு’ போய்விட்டது.

முதலாவது மாநில அரசின் நிறுவனம். இரண்டாவது, ஜெர்மனியின் பெரிய தேசிய ஆராய்ச்சி மையங்களின் கூட்டமைப்பான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சங்கத்தின் உறுப்பினர். அந்தச் சங்கத்து மையங்களின் அடிப்படை நிதியில் 90 சதவீதம் மத்திய அரசு தருவது, 10 சதவீதம்தான் மாநிலம். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இதிலிருந்து கிளம்பியவைதான்.

கேள்வி (ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி): யார் கட்டாயப்படுத்தினார்கள்? மேலிடத்து உத்தரவா?

இல்லை ஐயா, இரண்டு பக்கமும் தாங்களாகவே முன்வந்தார்கள். 2005, 2006 வாக்கில் ஜெர்மனி முதல்முறையாகப் பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு சிறப்புத் தகுதிப் போட்டி வைத்தது. அதுவரை எல்லாப் பல்கலைக்கழகமும் சமம் என்று பேசிவந்த நாடு அது. ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத்துக்குமான எதிர்காலத் திட்டம் என்ற பிரிவில், கார்ல்ஸ்ரூ இந்த இணைப்பையே தன் திட்டமாக வைத்தது. 2006 அக்டோபரில் முதல் சுற்றில் வென்றவை மூன்றே மூன்று. இரண்டு மியூனிக் பல்கலைக்கழகங்கள், மூன்றாவது கார்ல்ஸ்ரூ.

ஆசை இருந்தது, பரிசும் கிடைத்தது. சட்டம்தான் இல்லை. மாநிலச் சட்டமன்றம் 2009 ஜூலையில்தான் அதை நிறைவேற்றியது. தொடக்கத்தில் இரண்டு தலைவர்கள் சேர்ந்து நடத்தினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஹார்ஸ்ட் ஹிப்லர், மையத்திலிருந்து எபர்ஹார்ட் உம்பாக்.

கேள்வி (தணிக்கையாளர், சென்னை): பணம் எப்படி ஒன்றானது? இரண்டு அரசு, ஒரே கணக்குப் புத்தகமா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் சார். நேர்மையான பதில்: பணம் ஒன்றாகவில்லை. குறைந்தது பதின்மூன்று வருடங்களுக்கு.

ஜெர்மனியில் கல்வி மாநில அதிகாரம். 2006இல் செய்த அரசியல் சட்டத் திருத்தம் இந்தக் கோட்டை இன்னும் இறுக்கியது. பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு நிரந்தரமாகப் பணம் தரக் கூடாது, காலவரையறை உள்ள திட்டங்களுக்கு மட்டும் தரலாம். ஆக, ஹெல்ம்ஹோல்ட்ஸ் வழியாக வரும் மத்தியப் பணத்தில் ஒரு பைசாகூட இளநிலை வகுப்பு நடத்தப் போகக் கூடாது. பல்கலைக்கழகத்துக்கென்று வரும் மாநிலப் பணம் மையத்தின் பெரிய கருவிகளுக்குப் போகக் கூடாது. அதனால் 2009இன் சட்டம் நிறுவனத்தை ஒன்றாக்கிவிட்டு, உள்ளே ‘பல்கலைக்கழகப் பணி’, ‘பெரும் ஆராய்ச்சிப் பணி’ என்று இரண்டு பிரிவை அப்படியே வைத்தது. ஒரே கூரை, இரண்டு அடுப்பு.

நடைமுறையில் இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவர் சம்பளம் மாநிலக் கணக்கு, இன்னொருவர் சம்பளம் மத்தியக் கணக்கு. பொதுவாக ஒரு கருவி வாங்க வேண்டும் என்றால் யார் எந்தப் பணிக்கு எவ்வளவு நேரம் பயன்படுத்துவார் என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். இணைப்பின் நோக்கமே கலந்து வேலை செய்வது, கணக்கோ கலக்காமல் இருப்பதற்குக் காவல்.

2015 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தம் கதவைக் கொஞ்சம் திறந்தது. மத்திய அரசும் மாநிலங்களும் உடன்பட்டால் பல்கலைக்கழகங்களுக்கு நிரந்தரமாகவும் நிதி தரலாம். அதன் பிறகும் பேச்சுவார்த்தை நீண்டு, 2021இல் மாநிலச் சட்டமன்றம் இரண்டாவது மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 1 முதல் அது அமலானது. உள்ளே இருந்த அந்தப் பிரிவுச் சுவர் அன்றுதான் போனது. என்னைக் கேட்டால் இணைப்பு நடந்த ஆண்டு 2023தான். 2009இல் நடந்தது நிச்சயதார்த்தம்.

கேள்வி (அரசு ஊழியர், சேலம்): வேலை பார்த்தவர்கள் கதி? பதவி, சம்பளம் எல்லாம்?

இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு சம்பள ஒப்பந்தம், வெவ்வேறு பதவிப் பெயர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அரசு அதிகாரி, வாரம் ஒன்பது மணி நேரம் பாடம் எடுக்கக் கடமைப்பட்டவர். மையத்து விஞ்ஞானிக்கு அந்தக் கடமை கிடையாது, ஆனால் முனைவர் பட்டம் கொடுக்கும் உரிமையும் கிடையாது. ஜெர்மனியில் அப்போது அது பல்கலைக்கழகத்துக்கே உரியதாக இருந்தது. இணைப்புச் சட்டம் மையத்தின் மூத்த விஞ்ஞானிகளுக்குப் பேராசிரியருக்கு நிகரான இடம் கொடுத்தது சரியான முடிவு. 2012இல் வந்த அடுத்த சட்டம், ஊழியர்களுக்கு முதலாளி என்ற நிலையைக் கே.ஐ.டி.க்கே மாற்றித் தந்தது.

கேள்வி (சூழலியல் ஆர்வலர், நாகர்கோவில்): பழைய அணு உலைகளும் கழிவும் மாணவர்கள் தலையில் வந்து விழுந்ததா? ராணுவ ஆராய்ச்சி?

உலைகளைப் பிரித்தெடுக்கும் பொறுப்பை, இணைப்புக்கு முன்பே, 2009 ஜூலையில் தனி அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த வேலை இன்னும் வடக்கு வளாகத்தில், அதாவது பழைய ஆராய்ச்சி மையத்து இடத்தில், நடக்கிறது, ஆனால் கே.ஐ.டி.யின் பொறுப்பில் இல்லை.

ராணுவ விஷயம் இன்னும் கனமானது. மையம் தொடக்கத்திலிருந்தே அமைதி நோக்கத்துக்கு மட்டும் என்ற விதியில் கட்டுண்டது. பல்கலைக்கழகத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஒன்றானதும் எந்த விதி செல்லும்? அமைதி விதி முழு நிறுவனத்துக்கும் வேண்டும் என்று மாணவர்கள் 2009 தொடக்கத்திலேயே வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மையோடு சொன்னார்கள். சட்டமோ அதை ஆராய்ச்சி மையப் பணிக்கு மட்டும் வைத்தது. மாணவர்கள் கேட்டதுதான் நியாயம் என்பது என் கருத்து. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மனசாட்சி இருக்க முடியாது.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், ஈரோடு): சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் போதாதா? எதற்கு இத்தனை சட்டம்?

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. கார்ல்ஸ்ரூவிலேயே அதற்குச் சாட்சி உண்டு. நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளின் நிறையை அளக்கும் காட்ரின் சோதனை இணைப்புக்கு முன்பே தொடங்கியது. அதன் 200 டன் எடையுள்ள பெரிய கலத்தை 2006இல் டெகண்டார்ஃப் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். சாலையில் சுமார் 400 கி.மீ. தூரம்தான், ஆனால் அவ்வளவு பெரிய பொருள் சாலையில் போகாது. அதனால் டான்யூப் வழியாகக் கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், பிறகு ரைன் நதி என்று சுமார் 9,000 கி.மீ. கப்பல் பயணம். அதையே ஒப்பந்தத்தில் செய்துவிட்டார்கள் என்றால் இணைப்பு எதற்கு என்று கேட்கலாம்.

என் பதில் இது. பெரிய சோதனைக்கு ஒப்பந்தம் போதும். சிறிய விஷயங்களுக்குத்தான் போதாது. முதுநிலை மாணவி ஒருத்தி ஆறு மாத ஆய்வேட்டுக்கு மையத்தின் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஆய்வகத்துக்குள் போக வேண்டும் என்றால், யாரும் அதற்காக இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். அவள் அந்த நிறுவனத்து மாணவியாகவே இருந்தால் வழி தானாகத் திறக்கிறது.

கேள்வி (பத்திரிகையாளர், கொழும்பு): 2012இல் அந்தச் சிறப்புத் தகுதியை இழந்தார்களே. தோல்விதானே?

இழந்தார்கள், உண்மை. ஃப்ரைபுர்க், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களும் அதே சுற்றில் இழந்தன. தகுதி வாங்கித் தந்த திட்டமே இந்த இணைப்பு என்பதால் கார்ல்ஸ்ரூவுக்கு வலி அதிகம். அடுத்து வந்த தலைவர் ஹோல்கர் ஹன்செல்கா காலத்தில், 2014இல், இரு பக்கத்து நிறுவனங்களையும் கலந்து ஐந்து துறைத் தொகுதிகளாக மாற்றி அமைத்தார்கள். 2019இல் தகுதி திரும்பக் கிடைத்தது. மூன்று வருடத்தில் பலன் கேட்பது இப்படிப்பட்ட வேலைக்குப் பொருந்தாது.

கேள்வி (ஆய்வு மாணவர், செங்கல்பட்டு): வேறு எங்காவது நடந்திருக்கிறதா? கல்பாக்கத்தில் இப்படிச் செய்யலாமா?

டென்மார்க்கில் ரீஸோ தேசிய ஆய்வகம் 2007இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அதுவும் அணு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய இடம், பிறகு காற்றாலை ஆராய்ச்சியில் பெயர் வாங்கியது. அங்கே நாடு முழுக்க அரசே நடத்திய இணைப்பு அலையின் ஒரு பகுதி அது. சில வருடங்களில் ரீஸோ என்ற தனி அமைப்பே கரைந்துபோனது. கார்ல்ஸ்ரூவில் மையம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அடையாளத்தை விடவில்லை.

இந்தியா வேறு வழியில் போனது தம்பி. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 2005இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற ஹோமி பாபா தேசியக் கழகத்தின் உறுப்பு நிறுவனம். பட்டம் கொடுக்க வழி பிறந்தது, ஆனால் ஆயிரக்கணக்கான இளநிலை மாணவர்கள் படிக்கும் ஒரு பல்கலைக்கழகம் அந்த வளாகத்தோடு சேரவில்லை. பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் அதைச் செய்வது எளிதல்ல. என்றாலும் பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளின் மாணவர்களுக்கு இன்னும் நிறைய வழி திறக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி (பொறியியல் இறுதியாண்டு, கோவை): சார், நான் அங்கே முதுநிலைக்கு விண்ணப்பிக்கிறேன். எந்த வளாகம்? செலவு?

வகுப்புகள் பெரும்பாலும் நகரத்தின் தெற்கு வளாகத்தில். ஆய்வேட்டை வடக்கு வளாகத்தில் செய்யலாம், டிராமும் வளாகப் பேருந்தும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து அந்த மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம். வேறு பல மாநிலங்களில் இது இல்லை, ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கும்போது துறைப் பேராசிரியர் பட்டியலை மட்டும் பார்க்காமல், வடக்கு வளாகத்து ஆய்வுக்குழுக்களின் பக்கங்களையும் பாருங்கள். ஆய்வேட்டுத் தலைப்புகளை அங்கேயும் அறிவிப்பார்கள்.