வசதி குறைந்த ஊர்களில் தகவல் தொழில்நுட்பம்: கேள்வி பதில்

இந்தத் துறையில் நெடுநாளாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழன்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (டோங்காட், ஓய்வு பெற்ற ஆசிரியர்): வளர்ச்சிக்கான தகவல் தொழில்நுட்பம் என்று தனியாக ஒரு துறை உண்டா, அம்மா? கணினித் துறைக்குள் அடங்காத எதை அது ஆராய்கிறது?

பதில்: உண்டு ஐயா. இதற்கென ஒரு பன்னாட்டு மாநாடு 2006இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கி, 2013இல் நம் கேப்டவுனிலும் நடந்தது. மின்சாரம் இருக்கும், இணைய இணைப்பு இருக்கும், பழுது பார்க்க ஆள் கிடைப்பார், பயன்படுத்துபவருக்கு வாசிக்கத் தெரியும் என்பவற்றையெல்லாம் கணினித் துறை பெரும்பாலும் கேளாமலே நம்பிக்கொள்கிறது. அவற்றில் ஒன்றோ எல்லாமோ இல்லாத இடத்தில் எது வேலை செய்யும், யாருக்கு அதனால் நன்மை, ஆய்வாளர் போன பிறகு அதை யார் நடத்துவார் என்பவையே எங்கள் கேள்விகள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், முதுகலை மாணவி): குவாசுலு-நட்டாலின் கிராமப்புறக் கர்ப்பிணிப் பெண்களுக்காக ஒரு செயலி செய்து, அதையே என் ஆய்வாக்க விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம், அக்கா?

பதில்: செயலியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். அந்தப் பெண்களின் கையில் எந்த வகைத் தொலைபேசி இருக்கிறது, அது அவர்களுக்கே உரியதா அல்லது வீட்டில் பலர் பயன்படுத்துவதா, வாரத்துக்கு ஏர்டைமுக்கு, அதாவது முன்கூட்டிக் கட்டும் தொலைபேசிக் கட்டணத்துக்கு, எவ்வளவு செலவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் டேட்டா விலையை விசாரித்து 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, சிறிய அளவில் டேட்டா வாங்கும் ஏழைகள் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் பெரிய அளவில் வாங்குபவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது. அதன் பிறகுதான் 149 ராண்டாக இருந்த ஒரு மாத ஒரு ஜிபி டேட்டாவின் விலையை வோடாகாம் தொலைபேசி நிறுவனம் 2020 ஏப்ரலில் 99 ராண்டாகக் குறைத்தது. குறைந்த விலையும்கூட, குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஐம்பது மெகாபைட் செயலியைத் தரவிறக்கச் சொல்வது அந்தப் பெண்ணிடம் பணம் கேட்பதற்குச் சமம்.

உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமான ஒரு முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. நாட்டின் சுகாதாரத் துறை 2014 ஆகஸ்டில் மாம்கனெக்ட் திட்டத்தைத் தொடங்கியபோது, செயலி எதையும் உருவாக்கவில்லை. மருத்துவ நிலையத்தில் சாதாரணத் தொலைபேசியிலேயே நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்திப் பதிவு செய்தால், கர்ப்ப மாதத்துக்கு ஏற்ற குறுஞ்செய்திகள் அந்தத் தாய்க்குச் செலவில்லாமல் வந்து சேரும். அன்றிருந்த 11 ஆட்சி மொழிகளில் எது வேண்டுமோ அதை அவரே தேர்ந்துகொள்ளலாம். சந்தேகம் கேட்கவும், மருத்துவ நிலையத்தின் நடத்தையைப் பற்றிப் புகார் சொல்லவும் வழி வைத்திருந்தார்கள். 2017க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார் அதில் பதிவு செய்தனர். இதைப் படித்துவிட்டு, அது யாரைச் சென்று சேரவில்லை என்று தேடுவீர்களானால், உங்களுக்கு உண்மையான ஆய்வுக் கேள்வி கிடைக்கும்.

கேள்வி (வெருலம், கடைக்காரர்): தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா கென்யாவில் அப்படி வளர்ந்தது, அதே சேவை நம் நாட்டில் நிற்கவில்லையே, ஏன்? நம் மக்கள் புதுமையை ஏற்காதவர்களா?

பதில்: மக்கள் மீது குறை சொல்ல இதில் இடமில்லை. கென்யாவில் 2007இல் அது வந்தபோது, பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு இல்லை. நகரத்தில் உழைத்தவர் ஊருக்குப் பணம் அனுப்ப, பேருந்து ஓட்டுநரிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. இங்கே 2010இல் அதே சேவை வந்தபோது நிலைமை வேறு. வங்கிகள் பரவலாக இருந்தன, தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதியை வங்கிகளே தரத் தொடங்கியிருந்தன, பேரங்காடிகளின் கல்லாவிலேயே குறைந்த கட்டணத்தில் பணம் அனுப்ப முடிந்தது. சட்டப்படி ஒரு வங்கியுடன் இணைந்துதான் சேவையை நடத்த வேண்டியிருந்ததால், கடைதோறும் முகவர்களை விரைவாகச் சேர்ப்பதும் கடினமாயிற்று. 2014இல் மறுபடி முயன்று, 2016 ஜூனில் மூடிவிட்டார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ், ஒரு திட்டத்தை வகுத்தவர் மனத்தில் இருந்த ஊருக்கும் உண்மையில் இருக்கும் ஊருக்கும் இடையிலான தூரமே தோல்வியை அளக்கும் அளவுகோல் என்று வாதிட்டு வருகிறார். எம்-பெசாவின் கதைக்கு அந்த அளவுகோல் நன்றாகவே பொருந்துகிறது.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க், மின்பணியாளர்): ஓர் ஊர் மக்களே தங்கள் இணைய வலையமைப்பை நடத்த முடியும் என்கிறார்களே, நம் நாட்டில் அது சாத்தியமா? உரிமம் வாங்க வேண்டாமா?

பதில்: சாத்தியம் என்பதற்குக் கிழக்குக் கேப் மாகாணத்தின் மன்கோசியே சான்று. கடலோரத்தில், பல வீடுகளுக்கு மின்சாரமே எட்டாதிருந்த ஊர் அது. மேற்குக் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அங்கே வேலையைத் தொடங்கியபோது, கருவிகளை எந்த வீடுகளில் வைப்பது என்பதை அவர்கள் தாங்களே முடிவு செய்யவில்லை. ஊரின் பாரம்பரிய ஆட்சிமன்றத்தோடு பேசி, மக்கள் தேர்ந்தெடுத்த வீடுகளில், ஊர் இளைஞர்களையும் பெண்களையும் கொண்டே வைஃபை நிலையங்களையும் சூரியத் தகடுகளையும் பேட்டரிகளையும் பொருத்தினார்கள்.

தொலைபேசிக்கு மின்னேற்றம் செய்வதே அங்கே பெரிய தேவையாக இருந்தது. அதனால் அந்த நிலையங்களின் சூரிய மின்சாரத்திலேயே தொலைபேசிகளுக்கு மின்னேற்றம் செய்து சிறு கட்டணம் வாங்கினார்கள். வலையமைப்பின் முதல் வருமானம் இணையத்திலிருந்து வராமல் இந்தக் கட்டணத்திலிருந்து வந்தது. எத்தனையோ ஆய்வுத் திட்டங்கள் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கடைசி ஆண்டில்தான் நினைத்துப் பார்க்கின்றன. மன்கோசி மக்கள் தொடக்கத்திலேயே அதற்கு விடை கண்டதால்தான் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது என் கருத்து.

பின்னர் அவர்கள் ஸென்ஸெலேனி என்ற பெயரில் ஒரு கூட்டுறவு அமைப்பைப் பதிவு செய்து, நாட்டின் தொடர்பியல் ஒழுங்காணையத்திடமிருந்து உரிம விலக்குப் பெற்றார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுவே: சிறிய, இலாப நோக்கற்ற சமூக வலையமைப்புக்கு முழு உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை, விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தின் சட்ட மொழி கிராமத்தவருக்கு எளிதாக இல்லை. பல்கலைக்கழகத்தின் துணையில்லாத ஓர் ஊரால் அதைத் தாண்ட முடியுமா என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு. கட்டணத்தைவிட அந்தக் காகித வேலையே பெரிய தடை. உங்களைப் போன்ற மின்பணியாளர் ஒருவர் உள்ளூரிலேயே இருப்பது பாதி பலம். மீதிக்கு, நிர்வாகமும் கணக்கும் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், தமிழ்ப் பள்ளி ஆசிரியை): தமிழ்நாட்டுப் பக்கம் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறதா? மூத்த மாணவர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

பதில்: உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வுகள் சில தமிழ் மண்ணில்தான் நடந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, கம்பியில்லா இணைப்பில் வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது கடற்கரை ஒலிபெருக்கியில் தமிழில் ஒலித்தது. கணினியைத் தொட்டே பார்த்திராத மீனவரும் அன்று கடலுக்குப் போகலாமா என்று அறிந்துகொண்டார். 2004 டிசம்பர் 26 அன்று, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை நல்லவாடு மக்கள் தங்கள் மையத்தின் ஒலிபெருக்கியிலேயே அறிவித்து ஊரைக் காலி செய்தார்கள்.

தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நெடுந்தூரம் எட்டும் வைஃபை இணைப்புகளால் கிராமக் கண் சிகிச்சை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தது. நோயாளி தம் ஊரிலிருந்தே மருத்துவரோடு காணொளியில் பேசினார். இதில் நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது வானலைத் தொழில்நுட்பத்தைப் பற்றி அல்ல. கருவிகள் பழுதாக முதன்மைக் காரணம், ஏறி இறங்கும் தரமற்ற மின்னழுத்தம் என்று அவர்கள் கண்டார்கள். அதற்கேற்ற மின் கருவியை வடிவமைத்ததோடு, பழுதின் காரணத்தை மருத்துவமனையின் சொந்தப் பணியாளர்களே கண்டறியப் பயிற்சியும் கொடுத்தார்கள். மின்வெட்டு நாட்களில் தொலைபேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து, தொடர்பே அற்றுப் போவதைப் பார்த்த நமக்கு இது விளக்கம் தேவைப்படாத பாடம்.

கேள்வி (மெரிபேங்க், சமூகப் பணியாளர்): ஆய்வாளர்கள் வருகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், போய்விடுகிறார்கள். எங்கள் மக்களுக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை. இதற்கு என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, எங்கள் துறை அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த நாட்டின் பழங்குடியினரான சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டு, மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகியவற்றை ஆய்வாளர்களிடம் எழுத்தில் கோரினார்கள். ஒரு குடியிருப்புச் சங்கமும் அவ்வாறு ஒரு பக்கத் தாளில் தன் நிபந்தனைகளை எழுதி வைத்துக்கொள்ளலாம்: முடிவுகளை எங்களுக்குப் புரியும் மொழியில் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், எங்கள் நேரத்துக்கும் டேட்டாவுக்கும் ஈடு செய்ய வேண்டும், பெயரும் எண்ணும் எங்கே சேமிக்கப்படும் என்று காட்ட வேண்டும். கடைசி நிபந்தனைக்குச் சட்டமும் துணை நிற்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் உள்ளது.

கேள்வி (சாட்ஸ்வொர்த், கோயில் இளைஞர் குழு): அருகிலுள்ள டவுன்ஷிப் பள்ளி ஒன்றுக்கு இருபது கணினிகள் வாங்கித் தர நிதி திரட்டுகிறோம். இது நல்ல முயற்சிதானே, அம்மா?

பதில்: நல்ல மனத்தோடு செய்கிறீர்கள், தம்பிகளே. ஆனாலும் நிதியை முழுவதும் கணினியில் போடாதீர்கள். பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை ஆராய்ந்தபோது, கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை என்றே தெரிந்தது. கருவி வந்தது, அதைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியருக்குப் போதிய துணை வரவில்லை. இருக்கும் திறமையையும் நிர்வாகத்தையும்தான் தொழில்நுட்பம் பெருக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்காது என்று இத்துறை ஆய்வாளர் கென்டாரோ தோயாமா வாதிடுவது இதைத்தான்.

கிழக்குக் கேப்பின் த்வேசா வட்டாரத்தில், ரோட்ஸ், ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகங்கள் பள்ளிகளைச் சுற்றி நடத்திய சியாகுலா திட்டம் ஆசிரியர்களுக்கான பயிற்சியை முக்கியமாகக் கொண்டிருந்தது. நீங்களும் பத்துக் கணினிகளோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு பங்கு பூட்டும் கம்பியும் பொருத்திய பாதுகாப்பான அறைக்கு, ஒரு பங்கு மின்வெட்டைத் தாங்கும் பேட்டரிக்கும் உதிரி பாகங்களுக்கும், ஒரு பங்கு, அந்தப் பள்ளியே தேர்ந்தெடுக்கும் இரண்டு ஆசிரியர்களின் பயிற்சிக்கு. எதையும் வாங்கும் முன் தலைமையாசிரியரைச் சந்தித்து, சென்ற முறை நன்கொடையாக வந்த கணினிகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். அவற்றில் சரிசெய்யக்கூடியவை இருந்தால், உங்கள் வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.