தேவரியாதால் ஏரிக்கு 14 பேர்: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: ஏப்ரல் முதல் வாரத்தில் உத்தராகண்டில் உள்ள தேவரியாதால் ஏரிக்கு மூன்று குடும்பங்களாக 14 பேர் நடந்து போகிறோம். 9 வயதுப் பையன் ஒருவன், முட்டிவலி உள்ள 61 வயதுப் பெரியவர் ஒருவர் உண்டு. ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாமா? உயரத்தில் மூச்சு முட்டுமா?

பதில்: தாராளமாக முடியும். சாரி கிராமத்திலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பாலும் ஏற்றம். சுமார் 400 மீட்டர் மேலே ஏறவேண்டும். உங்கள் குழுவுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஏரி 2,400 மீட்டர் சொச்சம்; நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் கவலைப்படுவது மதியத்தைப் பற்றித்தான். வசந்தகாலத்தில் இமயமலைச் சரிவுகளில் காலை வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலெழுந்து மேகமாகும். மதியத்துக்குமேல் இடியும் மழையும், சில நாள் ஆலங்கட்டியும் வரும். ஏரிக்கரை திறந்தவெளி, மின்னலுக்கு ஒதுங்க நல்ல இடமில்லை. ஆகவே காலை 6 மணிக்குக் கிளம்புங்கள், 11 மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் நீரில் தெரிவதும் காற்று எழும்புவதற்கு முந்தைய காலையில்தான். முந்தின இரவே சாரியிலோ ஊக்கிமடத்திலோ தங்கிவிடுங்கள். ரிஷிகேஷிலிருந்து அங்கே வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும்; அன்றைக்கே நடக்க நினைக்காதீர்கள்.

அடுத்தது, குழு. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பெரியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. பல குழுக்கள் இப்படித்தான் கெடுகின்றன. பெரியவரையும் பையனையும் வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்கவிடுங்கள். அவர்கள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நிதானமான ஒருவர் கடைசியில் வரட்டும், அவர் யாரையும் முந்தக்கூடாது. யாராவது முடியாமல் திரும்பினால் தனியே அனுப்பாதீர்கள்.

முட்டியைச் சோதிப்பது இறக்கம்தான். கல் பாவிய பாதையில் ஈரமான ஓக் இலைகள் கிடந்தால் நன்றாக வழுக்கும். பெரியவருக்கு இரு கைக்கும் ஊன்றுகோல் கொடுங்கள். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே பழனி மாதிரி ஒரு மலைக்கோயிலில் படிகளை ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். மறுநாள் முட்டி வீங்கினால் இந்த முறை அவர் சாரியிலேயே தங்குவது நல்லது. அந்த ஊரும் அழகுதான்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரும். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பழகிய ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். வனத்துறை நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வைத்திருங்கள்.

நீங்கள் போகிற நேரம் அருமையானது. புராஞ்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும். நீலகிரியின் ரோடோடென்ட்ரானும் இதே இனம்தான். பூவைப் பறிக்காமல், ஊர்க்காரர்கள் விற்கும் புராஞ்ஷ் சர்பத்தை வாங்கிக் குடியுங்கள், அவர்களுக்கும் நாலு காசு சேரும். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை அங்கே காட்டுத்தீக் காலம், அதனால் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. யட்சன் பாண்டவர்களிடம் கேள்வி கேட்ட பொய்கை இதுதான் என்று நம்பி ஊரார் வணங்குகிறார்கள். தண்ணீரில் இறங்காதீர்கள், கை கழுவக்கூட வேண்டாம்.

பக்கத்தில்தானே என்று அன்றைக்கே துங்கநாத் கோயிலையும் சேர்க்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது 3,600 மீட்டருக்கு மேலே. ஏப்ரல் தொடக்கத்தில் பாதையில் பனி கிடக்கும், கோயிலும் திறந்திருக்காது.