முட்டைக்கூடையும் முள்வேலியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா பற்றிய உங்கள் குறிப்பைப் படித்ததும் அவருடைய சிற்பங்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். கூரையிலிருந்து தொங்கும் கம்பிக் குமிழ்கள். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகப் பதினாறு வயதில் அமெரிக்க அரசின் முகாமில் அடைக்கப்பட்டவர் என்று தெரிந்தபின் எனக்கு எல்லாமே முள்வேலியாகத்தான் தெரிகின்றன. அவரோ யார்மீதும் பகை இல்லை, அந்த முகாம் இல்லாவிட்டால் நான் இன்றைய நானாக ஆகியிருக்க மாட்டேன் என்கிறார். இது அரசாங்கத்தைக் காப்பாற்றும் பேச்சல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முள்வேலி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கம்பி வந்த வழி வேறு. 1947இல் மெக்சிகோவின் தொலுகாவுக்குப் போனபோது, சந்தையில் முட்டை வைத்து விற்கும் கம்பிக்கூடைகளைப் பார்த்து, அவற்றைப் பின்னும் முறையை அங்கேயே கற்றுக்கொண்டார். ஊசி கிடையாது, பற்றவைப்பு கிடையாது. கம்பியை வளைத்து, மேல்வரிசைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் அடுத்த கண்ணி. கூடைக்கு வாய் உண்டு. அசாவா அந்த வாயை மூடினார். பிறகு பின்னலை உள்ளே திருப்பி, குமிழுக்குள் இன்னொரு குமிழ் செய்தார். வெளிச்சுவராக இருந்ததே போகப்போக உள்சுவராகிவிடும்.

வீட்டில் கிடந்த கட்டுக்கம்பியில் நானும் பின்னிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் மூன்று வரிசை, கட்டைவிரலில் ஒரு கீறல். ஒரு கண்ணி பெரிதாகிவிட்டால் அந்தக் கோணல் அடுத்தடுத்த வரிசைக்கும் இறங்குகிறது. ஒரு வசதியும் தெரிந்தது: எந்த நிமிடமும் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். களிமண் காயும், கம்பி காத்திருக்கும். 1950களில் ஆறு பிள்ளைகளை வளர்த்தபடி அவர் பின்னிய சிற்பங்கள் இவை. வீட்டுப் பெண்ணின் கைவேலை என்று அந்நாளில் சிலர் ஒதுக்கியதும் இதனால்தான். அவர்கள் ஒரு வரிசை பின்னிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி முகாம். அவர் சொன்னதன் பின்னணி குரூரமானது. பெற்றோர் கலிபோர்னியாவில் காய்கறி பயிரிட்டவர்கள். பள்ளி விட்டால் வயல்வேலைதான். 1942 பிப்ரவரியில் எஃப்.பி.ஐ. தந்தையைக் கைதுசெய்து கொண்டுபோனது. மற்றவர்களைச் சான்டா அனிடா குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரை கட்டிய கொட்டடியில் குடிவைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்தவர்களில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். களை பறிக்க வயல் இல்லாததால் அந்தப் பெண்ணுக்கு முதன்முறையாக நாள் முழுக்க வரைய நேரம் கிடைத்தது. முகாமுக்கு அவர் பட்ட கடன் அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அரசாங்கம் அதை எடுத்துக்காட்டினால் நீங்களும் நானும் சண்டைக்குப் போகலாம்.

ஆனால் பகை இல்லை என்றவர் எதையும் மறந்துவிடவில்லை. சான் ஹோசே நகரில் 1994இல் அவர் வார்த்த வெண்கல நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். கம்பிக் குமிழ்களின் சாயலே அதில் கிடையாது. தந்தையைக் கைதுசெய்வதும், ஜப்பானியப் பொருட்களை வீட்டாரே தீயில் போடுவதும் உருவம் உருவமாக இருக்கின்றன. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

இன்னொன்று. முகாமிலிருந்து அவர் மில்வாக்கிக்கு ஆசிரியர் பயிற்சி படிக்கப் போனார். கடைசியில் பள்ளியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஜப்பானிய முகத்தை வகுப்பில் நிறுத்த முடியாது என்று வாய்ப்பே தரவில்லை. பட்டமும் இல்லாமல் போயிற்று. 1998இல் அந்தப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம் என்று வந்தது. அதற்குப் பதிலாக, அன்று தராத இளங்கலைப் பட்டத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.