கேம் நடுவே அறுந்துபோகும் வைஃபை: கார்டு மாற்றுவதற்கு முன்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். என் மகன் மடிக்கணினியில் இணையவழி கேம் விளையாடும்போது அடிக்கடி வைஃபை அறுந்துவிடுகிறது. அதே அறையில் என் கைத்தொலைபேசியில் வீடியோ தடையின்றி ஓடுகிறது. கல்முனையில் ஒரு கடையில் காட்டினோம். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு பழுது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு ரவுட்டரோடு வைத்துப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கைத்தொலைபேசி ஓடுகிறது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வீடியோ சில விநாடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். இடையில் இணைப்பு போய் வந்தாலும் தெரியாது. கேமுக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, வைஃபை தளர்ந்தால் பல கைத்தொலைபேசிகள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்து, மகனை விண்டோஸின் கமாண்ட் ப்ரொம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) இரண்டு ஜன்னல்கள் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, நிற்காமல் பிங் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை, ping -t) ஓடட்டும். அப்படியே விளையாடட்டும். அறுந்த கணத்தில் இரண்டு ஜன்னல்களும் நின்றால் கோளாறு மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில். ரவுட்டர் பதில் தந்துகொண்டே இருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளி இணைப்பில். எத்தனை கார்டு மாற்றினாலும் தீராது, சேவை நிறுவனத்திடம்தான் முறையிட வேண்டும்.

இரண்டும் நின்றால், காசு செலவாகாத வேலைகள் முதலில். டிவைஸ் மனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) வைஃபை அடாப்டரின், அதாவது அந்த வைஃபை கார்டின், பவர் மனேஜ்மென்ட் பகுதியைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் அதில் இணையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்றுதான். வீடுகள் நெருங்கிய தெருவில் அவை சீக்கிரம் நிரம்பிவிடும். 5 இன் அலை சுவரைத் தாண்டும்போது அதிகம் தேயும் என்பதால், ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, சூடேறிய நேரத்தில் டிவைஸ் மனேஜரிலிருந்து அடாப்டரின் பெயரே மறைகிறதா? அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். முதலில் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்தச் சொல்லுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் கவனம்: சில மடிக்கணினிகளில் கார்டு பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்ற கார்டுகள் பொருத்தமான இன்டெல் செயலி உள்ள கணினிகளில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி செயலி உள்ள கணினிக்கு அவற்றை வாங்குவது வீண். யூஎஸ்பி அடாப்டர் வாங்கினால் சிறு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 துறைகளின் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும்.

என் விருப்பம் வேறு. விளையாட்டுக்கு, ரவுட்டரையும் மடிக்கணினியையும் நேராக இணைக்கும் லேன் கேபிள்தான் நம்பத்தக்கது. கேட் 5ஈ (Cat 5e) வகைக் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும், வீட்டுக்குத் தாராளம். கார்டின் பெயர், உத்தரவாதக் காலம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய கார்டையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்தை மறுத்தால் அந்தச் சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், தொலைபேசி 1977.