நன்மை வாங்காமல் உட்காரலாமா?

கேள்வி: டீச்சர், நானும் மனைவியும் வேறு வேறு மதம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். விண்ணப்பத்தில் மதம் என்கிற இடத்தை நிரப்பாமல் விட்டால் சேர்க்க மறுப்பார்களா?
– ஒரு தகப்பன், பண்ணைக்காடு

பதில்: மறுக்கக் கூடாது. சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை போட்டாயிற்று. பள்ளியில் தெரியவில்லை என்றால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019-இல் 'சாதி, மதம் அற்றவர்' என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாமல் இட ஒதுக்கீடு கிடைக்காது. உங்கள் இருவர் வீட்டுக்கும் அது தேவைப்படாது என்றால் சரி. தேவைப்படும் என்றால், மகளின் படிப்பை முன்னால் வைத்து முடிவெடுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் வீடு கொடைக்கானலில். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சலேத் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயாக வேண்டும். மூன்று வருஷமாக எனக்கு நம்பிக்கை இல்லை. யாரும் என்னை மாற்றவில்லை, தானாகவே போய்விட்டது. இருந்தும் வரிசையில் நின்று, பூசையில் சாமியார் தரும் அப்பமான நன்மையை வாங்குகிறேன். நாக்கில் அது கரையும்போது திருடியது போல இருக்கிறது. அப்பா இல்லை. அம்மா ராத்திரி எனக்காக ஜெபமாலை சொல்கிறாள். மாப்பிள்ளை வேறு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் தாங்குவாளா? எங்கள் ஊரில் இப்படி ஆனவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்: என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கும் இருக்கும். நீ என்றே எழுதுகிறேன், மகளே.

நான் பூம்பாறைக்காரி. எங்களுக்குப் பூண்டு விவசாயம். அப்பா தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடப்பார். கொடைக்கானல் வந்து, பெருமாள்மலையில் பிரியும் பழனி ரோட்டில் இறங்க வேண்டும். கொடைக்கானலிலிருந்தே 65 கிலோமீட்டர் போல வரும். வெறுங்கால்தான். அதற்கப்புறம் 693 படி. எட்டு வயதிலிருந்து நானும் கூட நடந்தவள். பாதம் வெடித்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நடந்த வருஷமும் உண்டு. அவ்வளவு ஆசையாக நம்பினேன்.

எனக்குப் பதினெட்டு வயதில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டு வாரம் கண் திறக்கவில்லை. அப்பா மொட்டைக்கும் பால் காவடிக்கும் நேர்ந்துகொண்டார். எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே காய்ச்சல். அவன் அம்மாவும் அதே முருகனுக்கு அதே மொட்டைக்குத்தான் நேர்ந்துகொண்டார். தம்பி எழுந்து கஞ்சி கேட்டான். அந்தப் பையன் போய்விட்டான். "குழந்தை வேலப்பர் காப்பாத்திட்டாரு" என்று அப்பா வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்த் திண்ணையில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தையை அதற்கப்புறம் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தத் தையில் அப்பா காவடியை என் தோளில் வைத்தார். நான் இறக்கித் தரையில் வைத்துவிட்டு, "எனக்கு நம்பிக்கை போயிடுச்சுப்பா" என்றேன். அப்பா பேசவே இல்லை. காவடியில் கட்டியிருந்த மயிற்பீலியில் ஒன்று மடங்கியிருந்தது. அதை விரலால் நீவி நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அடுப்பில் அம்மா வைத்திருந்த வெந்நீர் கொதித்து வழிகிற அளவுக்கு நேரம் போனது. கடைசியில் சொன்னார்: "நம்பாம காவடியத் தொடாத. நடக்கறவங்களுக்குச் சோறு கட்டிக் குடு. அது போதும்."

இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அதையே உனக்கும் சொல்கிறேன். உன் வீட்டில் எது காவடி, எது சோறு என்று பிரித்துப் பார்.

நன்மை காவடிதான். சாமியார் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நீட்டும்போது நீ "ஆமென்" என்கிறாய். அதை உயிராக நம்புகிறவர்கள் உனக்கு முன்னும் பின்னும் நிற்கிறார்கள். உன் மனசு உறுத்துவதில் தப்பே இல்லை, அந்த உறுத்தலை மதி. அடுத்த மாதமே வாங்குவதை நிறுத்து. பூசைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்கார். வரிசை எழும்பும்போது முழங்காலை ஒதுக்கி வழி விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திரு. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் வாங்காமல் இருப்பது எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். ஊர் திரும்பிப் பார்க்காது. அம்மா பார்ப்பாள். அன்றைக்கோ மறுமாதமோ கேட்பாள். கேட்கிற அன்று சொல்லிவிடு.

சொல்லும்போது வாதம் பண்ணாதே. சபையின் குறைகளை அடுக்காதே, படித்ததையெல்லாம் எடுத்து வைக்காதே. அவள் உன்னிடம் கேட்பது விளக்கம் இல்லை. "நம்பாம வாங்கறது உன் சாமிக்கு மரியாதை இல்லம்மா, அதான் வாங்கல" என்று சொன்னால் போதும். அழுவாள். "நான் வளர்த்தது சரியில்லையா" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்: பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தது நீதான் என்று. ஜெபமாலையை நிறுத்தச் சொல்லாதே. அதில் உன் பெயர் வருவது உன் நம்பிக்கையைப் பொறுத்தது இல்லை, அவள் தாய் என்பதைப் பொறுத்தது.

ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு லீவு போட்டு வா. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கட்டாயம் வா. அப்பா கல்லறையில் புல் பிடுங்கு, சுண்ணாம்பு அடி, மெழுகுவத்தி ஏற்று. இதெல்லாம் சோறு.

கல்யாண விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதே. கோயிலில் தாலி கட்டுமுன், பிள்ளைகளைக் கிறிஸ்துவின் போதனைப்படி வளர்ப்பீர்களா என்று கேட்பார்கள். அங்கே நீ பொய்யாகத் தலையாட்டினால் சம்பந்தமே இல்லாத ஒரு பையனையும் அதில் இழுத்துவிடுகிறாய். பெண் பார்க்க வருகிறவரிடம் நிச்சயத்துக்கு முன்பே பேசிவிடு. அவர் நம்புகிறவராக இருந்து, எல்லாம் தெரிந்தே சம்மதித்தால் சாமியாரிடம் இருவருமாகப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். மதச் சடங்கே வேண்டாம் என்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸை ஒட்டுவார்கள் என்பதால் அதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நீ போயிருப்பாய். 1936-இல் அதைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைக்கு வந்து இந்துவாக மாறி, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டு, அங்கே தமிழர் தலைவராக இருந்த பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். அவர் ஒரு மதத்துக்குள் போனார், நீ ஒன்றிலிருந்து வெளியே வருகிறாய். ஆனாலும் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அவரும் ஒருநாள் இதை எழுதித்தானே இருப்பார்? அங்கே நிற்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். பனி இல்லாத நாளில் அங்கிருந்து பழனி மலை தெரியும்.

அப்பா இப்போது இல்லை. தம்பி நடக்கிறான். போன தையிலும் வாழையிலையைத் தணலில் வாட்டி நாற்பது பொட்டலம் புளிச்சோறு கட்டினேன். எதிர்வீட்டு அக்காவுக்கு எழுபது ஆகப் போகிறது, இன்னும் நடக்கிறார். மகனை இழந்த பிறகு அவர் ஒரு தையைக்கூட விட்டதில்லை. கிளம்பும்போது என் வாசலில் நின்று, என் கையால்தான் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்.