ஊர் வீட்டில் காபி யார் போடுவது?

கேள்வி: வரும் தை மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் முடிகிறது. செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்களாம், இரண்டு நாள் அங்கே போய்த் தங்கலாம் என்கிறாள் மனைவி. திருவாரூர் பக்கம் எங்களுக்கே சொந்த வீடு இருக்கிறது. அம்மா, தம்பி குடும்பம் எல்லாரும் அங்கேதான். கிராமத்தைப் பார்க்கக் காசு கொடுப்பார்களா? ஊருக்கே போகலாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இன்ஸ்டாகிராம் பார்த்து வந்த ஆசைதானே இது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குரோம்பேட்டை.

பதில்: கடிதம் மூன்று பக்கம். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறேன். சுருக்கியதில் விடுதி வாடகையைப் பற்றி நீங்கள் எழுதிய ஒன்றரைப் பக்கம் போய்விட்டது, மன்னிக்கவும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊர் வீட்டில் விடிகாலைக் காபி யார் போடுவது?

நீங்கள் இறங்கியதும் தம்பி பையை வாங்கிக்கொள்வார். கைலிக்கு மாறித் திண்ணையில் உட்கார்ந்தால் பேப்பர் வரும், பின்னாலேயே காபியும் வரும். அந்த நேரத்தில் உங்கள் மனைவி, கட்டிவந்த புடவையைக்கூட மாற்றாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு, "கொடுங்கத்தை, தேங்காயை நான் துருவறேன்" என்று அடுப்படியில் நிற்பார். உங்கள் அம்மாவே "நீ போய்ப் படும்மா" என்று சொன்னாலும் ஓரகத்தி வேலை செய்யும்போது இவரால் படுக்க முடியாது. ராத்திரி நீங்கள் மொட்டைமாடியில் காற்று வாங்கித் தூங்குவீர்கள். அவர் கூடத்தில், பிள்ளைகளோடு வரிசையில். இதற்குத்தான் வெள்ளிவிழா என்று பெயர் வைக்கப் பார்க்கிறீர்கள். அம்மாவைப் பார்க்கப் பொங்கலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது?

இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் ஆசைப்பட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஜோசியர் சொல்லி வந்த ஆசையாக இருந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருப்பீர்கள் இல்லையா?

உங்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மாட்டு வண்டியில் ஒரு சுற்று, சட்டியில் கூழ், ஒரு போட்டோ, அதற்கொரு பில் என்று கிராமத்தை வேஷம் கட்டி விற்கும் இடங்கள் உண்டு. அப்படி ஒன்றில் நானும் ஏமாந்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிவரை ஒலிபெருக்கி அலறியது. ஆனால் அதைவிடப் பெரிய தப்பு நான் செய்ததுதான். பிழை திருத்த ஒரு கட்டு அச்சுப்படியை அங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் அப்படியில்லை. வேஷம் போட வேண்டிய அவசியமே அதற்குக் கிடையாது. பர்மாத் தேக்குத் தூண்களும், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்களும், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளும் நிஜமானவை. நிறைய வீடுகள் பூட்டியே கிடக்கின்றன என்பதும் நிஜம். அந்த வீடுகளின் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும், பார்க்கலாம். மகனுக்குக் கல்யாணமானால் ஜோடிக்கு அதில் ஓர் அறை. கொஞ்ச காலத்தில், அதே கூரைக்குள் தனி அடுப்பும் கொடுத்துவிடுவார்கள். 'வேறு வைப்பது' என்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கணக்கில் ஒரு 'புள்ளி'. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். கூட்டமாக வாழ்ந்தவர்களே ஜோடி என்று ஒன்றைத் தனியாக எண்ணி வைத்திருந்தார்கள். நீங்கள் 25 வருஷத்தில் ஒரு தடவையாவது அப்படி எண்ணினீர்களா?

சரி, போவது என்று முடிவானால், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் என்று பட்டியல் போடாதீர்கள். பிள்ளையார்பட்டி ஒன்று போதும். ஒரு காலை நேரம் ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சின்னக் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஓடிக் கலந்துவிடுமே என்று நமக்குப் பதறும். கலப்பதில்லை. மேலே சிமென்டும் மணலும் போட்டு மட்டம் தட்டி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைக்கிறார்கள். தீயில் சுடுவதே இல்லை. கண்ணாடியைக் கழற்றும்போதுதான் பூ தெரியும். (இதில் தாம்பத்தியத்துக்கு உவமை தேட வேண்டாம். சும்மா பாருங்கள்.)

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. கடைக்காரர் விலை சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேறு பக்கம் பாருங்கள்.

தாம்பரத்தில் பல்லவன் ரயில் ஏறினால் அன்று ராத்திரியே காரைக்குடி வந்துவிடும். திரும்பும்போது அதே பல்லவனில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அது விடிகாலையிலேயே கிளம்பிவிடும். ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயிலில் போடுங்கள். கடைசி நாள் காலையிலாவது அவர் எட்டு மணிவரை தூங்கட்டும்.