மைக் யார் கைக்குப் போகவேண்டும்?

வணக்கம்,

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றைக் குடும்பமாக நடத்துகிறோம். சீசன் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைகளில் கடலைப் பார்த்த முற்றத்தில் ஏழு மணிக்குக் கரோக்கே வைக்கிறோம். பெட்டி ஸ்பீக்கர் ஒன்று, வயர்லெஸ் மைக் இரண்டு. பாட்டு லப்டொப்பிலிருந்து புளூடூத்தில் போகும், வரிகள் ரீவியில் ஓடும். நாலைந்து பேர்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். ஒன்பதரைக்குப் பாதிக் கதிரைகள் காலி. பாடுகிறவர்களும் தாளத்தை முந்தி ஓடுகிறார்கள், மைக் வேறு கூவுகிறது. ஆயிரம் வாட் ஸ்பீக்கர் வாங்கினால் சரிவருமா?

ரமணன், உப்புவெளி

அன்புள்ள ரமணன்,

ஸ்பீக்கர் கதையைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் பெரிய பிரச்சினை அந்த நாலைந்து பேர்தான். தன் முறை வராது என்று தெரிந்தவர் சாப்பிட்டு முடித்ததும் எழும்பிப் போய்விடுவார். எத்தனை வாட் வைத்தாலும் அவரைப் பிடித்துவைக்க முடியாது.

முதலில் கணக்கு. தமிழ்ச் சினிமாப் பாட்டு இடையிசையோடு நாலரை, ஐந்து நிமிடம் போகும். ஆள் வந்து மைக் வாங்கி நிற்க இன்னொரு நிமிடம். ஏழிலிருந்து பத்துவரை முப்பது பாட்டு என்று தாளில் வரும், கையில் கிடைப்பது இருபத்தைந்து. பதினைந்து பேர் பெயர் கொடுத்தால் எல்லாருக்கும் இரண்டாவது பாட்டுக் கிடைக்காது. இதை ஏழு மணிக்கே மைக்கில் சொல்லிவிடுங்கள். கோபம் பாதி குறையும்.

வரிசைக்கு ஒரே சட்டம் போதும்: ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு பாட்டு. எட்டுப் பேர் பதிந்து மூன்றாமவர் பாடிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒருவர் வந்தால் அவர் ஒன்பதாவது. முதலாமவரின் இரண்டாவது பாட்டு அவருக்குப் பிறகுதான். பெயரையும் பாட்டையும் துண்டில் எழுதி வாங்கி ஆணியில் குத்துங்கள், கடற்கரையில் மேசைமேல் வைத்த தாள் நிற்காது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அடுத்த இருவரின் பெயரைச் சொல்லுங்கள். பாடப்போகிறவருக்கு ஐந்து நிமிடம் முன்னரே தெரிந்தால் கை கழுவிவிட்டு வந்து நிற்பார். நண்பன், முதலாளியின் மச்சான், நல்ல குரல்காரர் என்று யாரையும் இடையில் செருகாதீர்கள். ஒருமுறை செருகினால் மற்ற மேசைகள் அதை மறக்காது.

நீங்கள் பாடுவது இரண்டே சந்தர்ப்பங்களில்: தொடக்கத்தில் ஒன்று, யாருமே வராதபோது ஒன்று. தொடக்கப் பாட்டைச் சுமாராகப் பாடுங்கள். மிக நன்றாகப் பாடினால் கூச்சக்காரர் இன்னும் ஒடுங்கிவிடுவார். கூச்சப்படுகிறவரைக் கையைப் பிடித்து இழுப்பது சுத்தமாக வேண்டாம். அவர் மேசையில் மூன்று பேரைச் சேர்த்து ஒரு பாட்டைக் கேளுங்கள். பிள்ளைகள் இருந்தால் எட்டு மணிக்குள் அவர்களை முடித்துவிடுங்கள்.

தாளத்தை முந்துவது பாடுகிறவர்களின் பிழை அல்ல, புளூடூத்தின் பிழை. இசை ஸ்பீக்கரை அடைய ஐந்தில் ஒரு செக்கன்வரை பிந்தும். வரிகளோ வயரில் உடனே ரீவிக்குப் போய்விடும். எழுத்தில் நிறம் ஏறியதும் வாயைத் திறக்கிறவர் முந்தத்தான் செய்வார். லப்டொப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர் போட்டால் பிரச்சினை முடிந்தது. வயர் போட்டபின் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நேரடியாக யூடியூப்பில் ஓட்டினால் சரணத்துக்கு முன் சவர்க்கார விளம்பரம் வரும்.

இனிக் கூவல். கூவும்போது பாடுகிறவரின் கையைப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்ததுபோல மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்தியிருப்பார். மைக் முன்னால் வரும் குரலை எடுத்து, பின்னால் வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டது. பின்பக்கத் துளைகளை விரல் மூடினால் அந்தக் குணம் போய்விடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமும் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றிக் கூவலாகிறது. கைப்பிடியின் நடுவில் நிற நாடா ஒட்டி, “இதுக்குக் கீழ பிடியுங்கோ” என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம் ஒட்டினால் ஜோடிப் பாட்டில் யார் குரலைக் கூட்டுவது என்றும் குழம்பமாட்டீர்கள். மைக் வாயிலிருந்து மூன்று விரல் தூரத்தில் இருக்கட்டும். நெஞ்சுக்கு இறங்கினால் நீங்கள் சத்தத்தைக் கூட்டவேண்டி வரும், கூட்டினால் கூவும். மெல்லிய குரலுக்கு மைக்கைக் கூட்டாமல் இசையைக் குறையுங்கள். ஒலியை நன்றாகப் பாடுகிறவருக்காக அமைத்தால் மற்றவர்களின் குரல் அமுங்கிப்போகும். எக்கோவை முக்கால்வாசி திருகிவைக்கும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. காற்பங்கு போதும், நீங்கள் பெயர் கூப்பிடும்போது அதுவும் வேண்டாம்.

ஸ்பீக்கர் பாடுகிறவருக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்கவேண்டும். உங்கள் முற்றத்தில் பாடுகிறவரின் முதுகு றோட்டுப் பக்கம், ஸ்பீக்கரின் வாய் கடல் பக்கம் இருக்கட்டும். கச்சான் என்கிற மேல்காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் மாதங்களில் காற்று முதுகில்தான் படும், மைக்கில் நேரே இரையாது. அயல் வீடுகளுக்கும் சத்தம் குறையும். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி கட்டாயம்.

சுருதியை விட்டுவிடக் கூடாது. பல ஆண்களுக்கு உச்சத்தில் இழுபடும் பாட்டை அரைச் சுரம் அரைச் சுரமாக இரண்டு படி இறக்கினால் முகமே மாறும். நாலு படிக்கு மேல் போனால் இசை ஏதோ போலக் கேட்கும், அப்போது வேறு பாட்டைக் கேளுங்கள். ஜோடிப் பாட்டில் ஒருவருக்காக இறக்கினால் மற்றவருக்கு எட்டாமல் போகலாம், இருவரையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆங்கில எழுத்தில் வரி ஓடும் தமிழ்ப் பாட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள், தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள நண்பர்களும் சேர்ந்து பாடுவார்கள். பைலா ஆட்டப் பாட்டுகளை ஒன்பதரைக்கு முன் விடாதீர்கள். ஆட எழும்பிய சனம் பிறகு மெலடி கேட்க உட்காராது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்து, பத்து மணிக்கு நிறுத்துங்கள். பட்டியலை ஒன்பதேகாலுக்கே மூடினால்தான் அது முடியும். ஏழரையை ஒட்டிப் பள்ளிவாசலில் இஷா பாங்கு கேட்டால் அடுத்த பாட்டைப் பிடித்துவைத்து, சாப்பாட்டு ஓடர் எடுங்கள். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, சனிக்கிழமையில் வரும்போது மது விற்க முடியாது, அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

ஆயிரம் வாட் வேண்டாம். நாற்பது ஐம்பது பேர் இருக்கும் முற்றத்துக்கு இருக்கிற பெட்டி போதும், அதை ஆள் உயரத்துக்கு மேல் தாங்கியில் ஏற்றினால் பின்மேசைக்கும் கேட்கும். அந்தக் காசில் மைக்கையும் இசையையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்க நாலு வழிச் சிறிய மிக்ஸர் ஒன்று, வயர் மைக் ஒன்று, லப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வயர்லெஸ் மைக்கின் பற்றரி ஒன்பது மணிக்குத்தான் சாகும். அப்போது கையில் எடுக்க அந்த வயர் மைக் இருக்கவேண்டும்.